மெஹ்ரோலியில் ஒரு நாள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தமிழ்நாட்டிலிருந்து தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று கிளம்பி வரும் சுற்றுலாப் பேருந்துகள் குதுப் மினார் வாசலில் ஒரு மணி நேரம் நிற்கும். மினாரின் உச்சியை விரலால் தொடுவது போல நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், இரும்புத் தூணை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், அடுத்து தாமரைக் கோயில். வளாகத்து மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாமலே போகிறது. அதுதான் மெஹ்ரோலி.

11-ஆம் நூற்றாண்டில் தோமர் அரசர்கள் லால் கோட் கோட்டை கட்டிய நிலம் இது. சுல்தான்கள் தலைநகரை வேறு இடங்களுக்கு மாற்றிய பிறகும், ஷாஜகான் வடக்கே புது நகரம் எழுப்பிய பிறகும், மெஹ்ரோலி காலியாகவில்லை. குளம், தர்கா, மாந்தோப்பு, கடைத்தெரு என்று ஒரு சிற்றூராக நிலைத்தது. மழைக்காலம் வந்தால் முகலாயக் குடும்பம் செங்கோட்டையை விட்டு இங்கே வந்து தங்கும். இன்று மாநகரம் அதைச் சுற்றி வளைத்துவிட்டது. தோப்புகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. ஆனால் கடைத்தெருவின் வளைவுகளும் குளத்தங்கரையும் தர்காவுக்குப் போகும் சந்துகளும் இன்னும் சிற்றூருக்கு உரியவைதான். தில்லிக்கு வரும் உறவினர்கள் எதைப் பார்க்கலாம் என்று கேட்டால், ஒரு முழுநாளை இந்த ஊருக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

செய்ய வேண்டியவை

குதுப் வளாகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பேருந்துகள் வரும் முன் போனால் மினாரைச் சுற்றி நிதானமாக நடக்கலாம். 72.5 மீட்டர் உயரம். குத்புதீன் ஐபக் தொடங்கி, இல்துமிஷ் முடித்து, மின்னல் தாக்கிச் சிதைந்த உச்சியை 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் சீர்செய்தது. உள்ளே ஏற அனுமதி கிடையாது. 1981 டிசம்பரில் படிக்கட்டில் விளக்கு அணைந்து நெரிசலாகி 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். அன்றிலிருந்து கதவு மூடித்தான் இருக்கிறது.

மினாரைவிட அதிக நேரத்தை வளாகத்துக்குள் இருக்கும் மசூதியின் தூண் வரிசைக்குக் கொடுங்கள். 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியது என்று கிழக்கு வாயிலில் உள்ள பாரசீகக் கல்வெட்டே சொல்கிறது. நம் ஊர் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தூண்கள் உடனே பிடிபடும். சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், இலைக்கொடி எல்லாம் இருக்கின்றன. உயரம் போதாத இடங்களில் ஒரு தூண் மேல் இன்னொரு தூணை நிறுத்தியிருப்பதையும், இரண்டும் வெவ்வேறு கையால் செதுக்கியவை என்பதையும் கிட்டப் போய்ப் பார்த்தால் கண்டுகொள்ளலாம்.

இரும்புத் தூண் துருப்பிடிக்காததற்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். பழைய முறையில் கரி போட்டு உருக்கிய இந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும்போது அந்தப் பாஸ்பரஸ் உதவியால் மேலே மெல்லிய காப்புப் படலம் உருவாகி, உள்ளே துரு இறங்காமல் தடுத்துவிடுகிறது என்று அவர் விளக்கினார். 6 டன்னுக்கு மேல் எடையுள்ள இந்தத் தூண் சந்திரன் என்ற அரசனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. முதுகைத் தூணில் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று முன்பு ஒரு நம்பிக்கை இருந்தது. அப்படிக் கோத்த கைகளின் வியர்வையில் அந்த உயரம் மட்டும் பளபளப்பேறிவிட்டது. 1997-இல் வேலி போட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றே அந்தப் பட்டையைப் பார்க்கலாம்.

யோகமாயா கோயிலுக்குப் போங்கள். மினாரிலிருந்து சிறிது தூரம்தான். கம்சன் கையிலிருந்து நழுவி வானேறிய யசோதையின் மகள்தான் இங்கே தெய்வம். கண்ணன் பிறந்த கதையைப் பாட்டி வாயால் கேட்ட யாருக்கும் இவள் அந்நியம் இல்லை. பெரிய கோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள். இப்போதுள்ள கட்டடம் 19-ஆம் நூற்றாண்டினது. நம் கோயில் போல நின்ற திருக்கோலச் சிலையும் கிடையாது. பளிங்குக் குழிக்குள் துணியும் ஜிகினாவும் சாத்திய கருங்கல்லே அம்மன். மேலே பூவிசிறி தொங்கும். அந்த விசிறி எப்படி வந்தது என்பதைத் தர்காவுக்குப் போனதும் சொல்கிறேன்.

தொல்லியல் பூங்காவுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். குதுப் வளாகத்துக்குத் தெற்கே, சுமார் 200 ஏக்கர் புதர்க்காட்டில், கல்லறைகளும் கிணறுகளும் மசூதிகளும் சிதறிக் கிடக்கின்றன. கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. இங்கே மூன்று இடங்களைத் தவற விடக்கூடாது.

ஒன்று பல்பன் கல்லறை. 1287-இல் இறந்த சுல்தான் இவர். குவிமாடம் விழுந்துவிட்டது, ஆனால் ஆப்பு வடிவக் கற்களை அடுக்கிக் கட்டிய உண்மையான வளைவு, இந்தியாவில் இன்று நிற்பவற்றுள் மிகப் பழையது இங்கேதான் என்று கட்டடக்கலை மாணவர்கள் தேடி வருகிறார்கள். அடுத்தது ஜமாலி கமாலி. ஜமாலி லோதி காலத்திலும் பாபர், ஹுமாயூன் காலத்திலும் வாழ்ந்த சூஃபிக் கவிஞர். மசூதிக்குப் பக்கத்திலுள்ள சிறிய அறைக்குள் அவர் சமாதி. கூரையெங்கும் சிவப்பும் நீலமுமாகச் சுதை வேலை. அறை பூட்டிக் கிடக்கலாம். காவலரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த ராஜோன் கி பாவ்லி. சிக்கந்தர் லோதி ஆட்சியில் 1506-இல் கட்டிய படிக்கிணறு. பின்னாளில் கொத்தனார்கள் இதில் குடியிருந்தார்கள். மேலே நின்று பார்த்தால் அகலமான படிகள் நேராக இறங்கிப் போகும். இரண்டு பக்கமும் மாடி மாடியாக வளைவுகள். இருபது படி இறங்கியதுமே வெயில் மாறிவிடும். கல்லில் கை வைத்தால் குளிர்ச்சி, சாலையின் ஹாரன் ஒலி மங்கிப் புறாக்களின் சிறகடிப்பு மட்டும் கேட்கும். வளைவுகளுக்குப் பின்னால் ஓடும் நடையில் உட்கார இடம் உண்டு. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் பகல் முழுதும் அங்கே நிழலில் இருந்திருக்கலாம். எதிர்ச் சுவருக்கு அப்பால் வட்டக் கிணறு. இன்றைய தண்ணீர் பச்சை நிறம். மழை ஆண்டைப் பொறுத்து ஏறும், இறங்கும். பக்கத்தில் இல்துமிஷ் காலத்து கந்தக் கி பாவ்லி இருக்கிறது, கந்தக வாடை அடிக்கும் என்பதால் அந்தப் பெயர். ஊர்ப் பையன்கள் அதில் தலைகீழாகக் குதித்துக் காட்டிப் பார்வையாளர்களிடம் காசு வாங்குவது முன்பு பெரிய வேடிக்கை.

ஆதம் கான் கல்லறைத் திண்ணையில் கொஞ்சம் உட்காருங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே மேட்டில் நிற்கும் எண்கோணக் கட்டடம். அக்பரின் செவிலித்தாய் மாஹம் அனகாவின் மகன் ஆதம் கான். 1562-இல் அரசவையின் முக்கிய அமைச்சரைக் குத்திக் கொன்றான். அக்பர் அவனை ஆக்ரா கோட்டை மாடியிலிருந்து தள்ளச் சொன்னார். முதல் முறை உயிர் போகாததால் மறுபடி தூக்கி வந்து தள்ளினார்கள். மகனைப் பின்தொடர்ந்து சில வாரங்களில் தாயும் இறந்தாள். இருவருக்கும் அக்பரே இதைக் கட்டினார். ஆங்கிலேயர் காலத்தில் ஓர் அதிகாரி சமாதிக் கல்லை அகற்றிவிட்டு இங்கே குடித்தனம் நடத்தினார். பிறகு இது காவல் நிலையமாகவும் தபால் ஆபீசாகவும் இருந்தது. இப்போது வெயில் தாழ்ந்தால் ஊர்ப் பெரியவர்கள் வந்து காற்று வாங்குகிறார்கள், சீட்டாடுகிறார்கள். ஊரைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

பக்தியார் காகி தர்காவுக்குச் செல்லுங்கள். கடைத்தெருவிலிருந்து சந்துகள் வழியாகப் போகவேண்டும். அஜ்மீர் குவாஜா முயினுத்தீன் சிஷ்தியின் சீடர், பாபா ஃபரீதின் குரு, 1235-இல் மறைந்தார். அவர் அருகில் புதைக்கப்பட வேண்டும் என்று விரும்பியவர்களின் கல்லறைகள் வழியெங்கும். காலணியை வெளியே விட்டு, தலையைக் கைக்குட்டையாலோ துப்பட்டாவாலோ மூடிக்கொள்ளுங்கள். சமாதி அருகே செல்லப் பெண்களுக்கு அனுமதி இல்லை. ஜாலித் தடுப்புக்கு வெளியே இருந்துதான் தொழலாம். எனக்கு அந்த விதி உடன்பாடு இல்லை. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் தர்காவைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. 1947 கலவரத்தில் மெஹ்ரோலியின் முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள், தர்கா சேதமானது. 1948 ஜனவரி 13 அன்று காந்தி தம் கடைசி உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். 18-ஆம் தேதி தில்லியின் எல்லாத் தரப்புத் தலைவர்களும் கையெழுத்திட்ட உறுதிமொழியில், வழக்கம் போல இங்கே மகானின் நினைவு விழாவான உர்ஸ் நடக்கும் என்பதும் இருந்தது. 27-ஆம் தேதி அவர் நேரில் வந்தார், உடைந்து கிடந்த பளிங்கு ஜாலிகளைப் பார்த்து வருந்தினார், கூடியிருந்தவர்களிடம் பேசினார். மூன்றே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். ராஜ்காட்டுக்குப் போகிறவர்கள் இங்கேயும் வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி அந்தப் பூவிசிறி. முகலாய மன்னர் இரண்டாம் அக்பர் ஷாவின் செல்ல மகன் மிர்சா ஜஹாங்கீர், ஆங்கிலேய ரெசிடென்ட் மேல் துப்பாக்கியால் சுட்டதற்காக அலகாபாத்துக்கு நாடுகடத்தப்பட்டான். அவன் திரும்பினால் இந்தத் தர்காவுக்குப் பூப்போர்வை சாத்துவதாகத் தாய் நேர்ந்துகொண்டாள். திரும்பினான். தர்காவுக்குப் பூப்போர்வை போனபோது யோகமாயாவுக்கும் பூவிசிறி போனது. பூல் வாலோன் கி சைர் என்ற விழா இப்படித்தான் பிறந்தது. 1942-இல் ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் நேரு மீண்டும் தொடங்கிவைத்தார். பூக்காரர்கள் நடத்தும் விழாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் இரண்டு இடங்களுக்கும் சேர்ந்தே போகிறார்கள்.

ஜஃபர் மஹாலைப் பார்த்துவிடுங்கள். தர்காவின் வாயிலை ஒட்டி நிற்கிறது. இரண்டாம் அக்பர் ஷா கட்டிய மழைக்கால மாளிகை. யானை நுழையும் பெரிய வாசலைச் சேர்த்தவர் கடைசி முகலாயரான பகதூர் ஷா ஜஃபர். உள்ளே ஓடுகள் உதிர்ந்த சுவர்களும் குட்டிச் சுவர்களுமாகப் பார்க்கவே மனம் கசக்கும். பக்கத்துப் பளிங்கு அடைப்பில் இவர் முன்னோர்களின் சமாதிகள் இருக்கின்றன. தமக்கென்று ஜஃபர் குறித்துவைத்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. அவர் 1862-இல் ரங்கூனில் கைதியாக இறந்தார்.

மாலையில் ஹௌஸ்-இ-ஷம்ஸி. இல்துமிஷ் 1230 வாக்கில் வெட்டிய குளம்; கரையில் லோதி காலத்து ஜஹாஸ் மஹால். தண்ணீர் நிறைந்திருக்கும்போது நிழல் விழுந்து மிதக்கும் கப்பல் போலத் தோன்றும். செங்கல் நிற மண்டபம் ஒன்று முன்பு குளத்தின் நடுவில் இருந்தது. குளம் சுருங்கிச் சுருங்கி இப்போது அது ஓரத்துக்கு வந்துவிட்டது. ஏரிகளைத் தொலைத்த சென்னைக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சாப்பாடு: கடைத்தெருவில் சோளே குல்ச்சா, கச்சோரி, சூடாக எண்ணெயிலிருந்து எடுக்கும் ஜிலேபி. குளிர்காலமானால் எள்ளும் வெல்லமும் சேர்ந்த கஜக் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், ரயில் பயணத்துக்குக் கெடாது.

செய்யக்கூடாதவை

மே, ஜூனில் வராதீர்கள். பள்ளி விடுமுறை என்பதால் நம்மவர்கள் அந்த மாதங்களில்தான் வருகிறார்கள். பூங்காவில் பகல் வெயில் வயதானவர்களை வீழ்த்திவிடும். தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களில் புகைமூட்டம், ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்கவும். பிப்ரவரி, மார்ச் அருமை. அக்டோபரும் நல்லது.

குதுப் மினார் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பெயரை நம்பி நடக்கத் தொடங்காதீர்கள். மஞ்சள் தடத்திலுள்ள அந்த நிலையத்துக்கும் மினாருக்கும் நடுவே பெரிய சாலை, நெரிசல். ஆட்டோவிலோ பேட்டரி ரிக்‌ஷாவிலோ போங்கள். ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

காரைக் கடைத்தெருவுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

தர்கா வாசலில் பூக்கடைக்காரர்கள் கூப்பிட்டுக் காலணியை வாங்கி வைப்பார்கள், போர்வையும் பூத்தட்டும் நீட்டுவார்கள். பெரிய தொகைக்கு வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. ஒரு சின்னத் தட்டு ரோஜா போதும். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நடங்கள். உள்ளே புத்தகம் நீட்டிக் காணிக்கை கேட்டாலும் அதேதான்.

சந்துகளில் வீட்டு வாசல்களையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கல்லறை, மசூதிச் சுவர், பழைய வளைவு எல்லாவற்றோடும் ஒட்டி வீடுகள் இருக்கின்றன. நமக்குக் காட்சியாகத் தெரிவது அவர்களுக்குப் புழக்கடை. வழி கேட்டால் கூடவே வந்து காட்டுகிற மக்கள் இவர்கள். இந்தி தெரியாவிட்டாலும் இடத்தின் பெயரும் “பாயி சாஹப்” என்ற விளியும் போதும்.

கோயில் தூண்களைக் காட்டி வளாகத்துக்குள் அரசியல் சண்டை போடாதீர்கள். இடித்தது உண்மை, கல்வெட்டு அதை மறைக்கவில்லை. அதை அறிந்துகொண்டு, அதே ஊரில் பூக்காரர்கள் ஆண்டுதோறும் இரண்டு வாசலுக்கும் நடப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஒன்றைப் பேசி மற்றதை விழுங்குகிற வழிகாட்டிகள் இங்கே உண்டு. அவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பூங்காவில் பொழுது சாய்ந்த பிறகு இருக்காதீர்கள், தனியாக வரும் பெண்கள் முக்கியமாக. பாதைகள் பிரிந்து பிரிந்து போகும், வெளிச்சம் கிடையாது. குரங்கும் நாயும் உண்டு. கையில் தின்பண்டம் வேண்டாம்.

பாழடைந்த கட்டடம்தானே என்று மேலே ஏறாதீர்கள், பெயர் கீறாதீர்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்கள் கொஞ்சம்தான். மற்றவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன. 2024 ஜனவரி 30 அன்று சஞ்சய் வனப் பகுதியிலிருந்த அகூன்ஜி மசூதியை, பல நூறு ஆண்டுப் பழமையானது என்று சொல்லப்பட்டதை, தில்லி வளர்ச்சி ஆணையம் ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளியது. நேற்று நின்றது இன்று இல்லாமல் போகக்கூடிய ஊர் இது. சுவரிலிருந்து உதிர்ந்த ஓட்டுத் துண்டைக்கூட நினைவுக்கு என்று எடுத்துப் போகாதீர்கள்.

இட்லி தோசையைத் தேடி மெஹ்ரோலிக் கடைத்தெருவில் அலையாதீர்கள். சாயங்காலம் கிளம்பி ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் போய்விட்டால், 1973-இல் குடமுழுக்கு கண்ட சுவாமிநாதனையும் தரிசிக்கலாம், அந்தப் பக்கத்திலேயே நம் சாப்பாடும் கிடைக்கும். நம் கோயில்களைப் போலவே அதுவும் மதியம் நடை சாத்தும். ஆகவே மெஹ்ரோலிக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பூல் வாலோன் கி சைர் பார்க்கவே வருகிறவர்கள், போன ஆண்டுத் தேதியை நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். மழைக்காலம் முடிந்து செப்டம்பர், அக்டோபரை ஒட்டி நடப்பது வழக்கம் என்றாலும் தேதி தள்ளிப்போவதுண்டு. விழாவை நடத்தும் அஞ்சுமன் சைர்-இ-குல் ஃபரோஷான் அமைப்பின் அறிவிப்பு வந்த பிறகு முன்பதிவு செய்யுங்கள். விழா நாட்களில் ஜஹாஸ் மஹாலில் இரவு நெடுநேரம் கவ்வாலி நடக்கும், கடைசி மெட்ரோ போய்விடும். திரும்பிப் போக வண்டிக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.